சிவப்புக்குத் தாவும் கண்

நான் வேலை பார்த்த நரம்பியல் பிரிவுக்குப் புது இயந்திரம் வந்திருக்கிறதாம். நோயாளி அதன் முன்னால் சும்மா உட்கார்ந்து பார்த்தால் போதும். கண் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் தாவியது என்பதைக் கேமரா கவனித்துக்கொள்ள, கம்ப்யூட்டர் கோடு போட்டுக் கொடுத்துவிடுமாம். இப்போது அங்கே டெக்னீசியனாக இருக்கும் பெண் போனில் இதைச் சொல்லிவிட்டு, "மேடம், நீங்கள்லாம் முகத்துல ஒயர் ஒட்டி, மைப் பேனாவுல கோடு எடுத்தீங்களாமே. ஒருநாள் வந்து சொல்லுங்களேன், பசங்க கேக்குறாங்க" என்று கூப்பிட்டாள். போனேன். டீயும் வடையும் கொடுத்து மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள். பின்வரிசையில் இரண்டு பேர் மேசைக்கு அடியில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. யார் கண் எங்கே போகிறது என்று பார்ப்பதற்குத்தான் அரசாங்கம் எனக்கு இத்தனை காலம் சம்பளம் கொடுத்தது.

அன்றைக்குப் பேசியதில் எனக்குத் திருப்தி இல்லை. இயந்திரத்தைப் பற்றித்தான் கேட்டார்கள், அதைப் பற்றியே சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பேச்சியம்மாளைப் பற்றிச் சொல்லவில்லை. அவளைச் சொல்லாமல் அந்த இயந்திரத்தைச் சொல்லி என்ன பிரயோசனம் என்று பஸ்ஸில் வரும்போதே தோன்றிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

விலங்கியல் படித்தேன். ஓராண்டு பயிற்சி முடித்தேன். எழுபதுகளின் நடுவில் மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். படித்த காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வேலையைக் கற்றுக்கொண்டது உள்ளே போன பிறகுதான்.

எங்கள் வேலை கண்ணின் அசைவைப் பதிவு செய்வது. கண் ஒரு சின்ன பேட்டரி மாதிரி. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் இடையில் எப்போதும் கொஞ்சம் மின்சாரம் உண்டு. இரண்டு கண்களின் ஓரத்திலும் சின்ன வெள்ளி வில்லைகளைப் பசை தடவி ஒட்டி, ஒயரை இயந்திரத்தில் சொருகினால், கண் இடப்பக்கம் திரும்பும்போது பேனா ஒரு பக்கமும், வலப்பக்கம் திரும்பும்போது மறுபக்கமும் சாயும். ஓடிக்கொண்டே இருக்கும் காகிதத்தில் அது கோடாக விழும். கண் ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குத் தாவும்போது அந்தக் கோடு படிக்கட்டு மாதிரி சட்டென்று ஏறும் அல்லது இறங்கும். நாம் எதையோ 'பார்த்தோம்' என்று நினைப்பதற்கு முன்பே கண் தாவியிருக்கும். காகிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே அதில் நம்பிக்கை வந்தது.

பயிற்சிப் புத்தகத்தில் மூன்றாவது வில்லையை நெற்றி நடுவில் ஒட்டச் சொல்லியிருந்தது. அதை எழுதியவர் எங்கள் பக்கத்துப் பெண்களைப் பார்த்தவர் இல்லை. மஞ்சள், எண்ணெய், பவுடர் எல்லாவற்றையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கச் சம்மதிப்பார்கள். நெற்றிப் பொட்டுக்குப் பஞ்சைக் கொண்டுபோனால் முகம் மாறிவிடும். திருவாதவூரிலிருந்து வந்த ஓர் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அவுக வெளிய உக்காந்திருக்காக. பொட்ட அழிக்க வாரியே, நீயும் தாலி கட்டிக்கிட்டவதான" என்று கேட்டார். நான் அந்த வில்லையைக் காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் ஒட்டிப் பார்த்தேன். கோடு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அதைக் காட்டப் போனபோதுதான் டாக்டர் சதாசிவத்தை முதன்முதலாகச் சரியாகப் புரிந்துகொண்டேன். அவர் எங்கள் பிரிவின் தலைமை மருத்துவர். காகிதத்தைப் பென்சிலின் மழுங்கிய முனையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இனிமே எல்லாருக்கும் அங்கயே வை. ஆம்பளைகளுக்கும்" என்றார். பாராட்டெல்லாம் கிடையாது. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். "விசாலம், இங்க வா" என்றால் நல்ல நாள். "விசாலாட்சி அவர்களே, சற்று வர முடியுமா" என்றால் அன்றைக்கு நான் தொலைந்தேன் என்று அர்த்தம். நோயாளிகளிடம் மட்டும் எந்த நாளும் ஒரே குரல்தான். நாற்காலியில் உட்கார மாட்டார். அவர்களைவிடத் தாழ்வான முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அண்ணாந்து பார்த்துத்தான் பேசுவார். ஒவ்வொரு ஒயரையும் ஒட்டுவதற்கு முன் "இதை இங்க வைக்கவா தாயி" என்று கேட்கச் சொல்வார். கேட்காமல் ஒட்டினால் விசாலாட்சி அவர்களேதான்.

அவர் வாயிலிருந்து 'பொய்' என்ற சொல்லை நான் கேட்டதில்லை. இளம் டாக்டர்கள் யாராவது, இந்த நோயாளி நடிக்கிறார் சார் என்று ஆரம்பித்தால், அவர் சொல்லுவது இதுதான்: நோயாளி சொல்வது ஒரு பதிவு, பேனா எழுதுவது ஒரு பதிவு. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நமக்கு இன்னும் ஏதோ தெரியவில்லை என்று அர்த்தம். தெரிகிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்.

நிறத்தை வைத்துக் கண்ணை நகர்த்துவது அவருடைய ஆசை. அந்தக் காலத்துப் புத்தகங்களில் இதைப் பற்றி அவருக்குத் திருப்தியாக ஒன்றும் இல்லை. தச்சரை வைத்து ஒரு பலகை செய்தார். நடுவில் சின்ன வெள்ளை விளக்கு, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னலுக்கும் பின்னால் ஒரு சிவப்பு பல்பு, ஒரு பச்சை பல்பு. பல்பு என்றால் வெறும் பல்புதான். கலியாணப் பந்தலுக்குச் சீரியல் செட் போடும் கடையில் கண்ணாடித் தாள் வாங்கி நான்தான் சுற்றிவிட்டேன். நோயாளி நடு விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். திடீரென்று நான்கு ஜன்னலும் ஒன்றாக எரியும். மூன்று பச்சை, ஒன்று மட்டும் சிவப்பு. கண் எங்கே தாவுகிறது என்று பேனா எழுதும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சிவப்பு பல்பு கொஞ்சம் மங்கலாகவோ பிரகாசமாகவோ இருந்துவிட்டால், கண் நிறத்தைப் பார்த்துத் தாவியதா, வெளிச்ச வித்தியாசத்தைப் பார்த்துத் தாவியதா என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் முதலில் வெளிச்சத்தைச் சமன் செய்வோம். ஒரே ஜன்னலில் சிவப்பையும் பச்சையையும் மாற்றி மாற்றி மிக வேகமாக எரியவிட்டால் படபடவென்று துடிக்கும். நோயாளி கையில் ஒரு திருகு. அதை மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் ஓரிடத்தில் துடிப்பு அடங்கிவிடும். அங்கே இரண்டின் வெளிச்சமும் அந்தக் கண்ணுக்குச் சமம். பொறுமை கெட்ட வேலை. டாக்டர் ஒரு தடவை செய்ததை நம்ப மாட்டார், திரும்பச் செய்யச் சொல்லுவார், அப்புறம் அவரும் வந்து ஒருமுறை பார்ப்பார்.

ஜன்னல்களை ஒவ்வொன்றாக எரியவிட்டுப் பலகையைச் சோதிக்க முதலில் உட்கார்ந்தது நான்தான். அன்றைக்கு ஒரு ஜன்னலில் பல்பு பீஸ் போயிருந்தது, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இருட்டு ஜன்னலுக்கும் என் கண் சரியாகத் தாவியிருந்தது. "விசாலாட்சி அவர்களே, எரியாத விளக்கை எப்படிப் பார்த்தீர்கள்" என்றார் டாக்டர். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது. சுவிட்சுப் பெட்டியில் அந்தந்தப் பக்கத்துக்கு ஒரு சின்ன 'டிக்' சத்தம். என் கண் காது சொன்னதைக் கேட்டுப் போயிருக்கிறது. பெட்டியை அடுத்த அறைக்குக் கொண்டுபோய்ப் பழைய மெத்தைக்குள் சுருட்டி வைத்தோம். அதோடு எங்கள் அறையில் கடகடவென்று ஆடும் மின்விசிறியை வேண்டுமென்றே ரிப்பேர் பார்க்காமல் விட்டோம். எலக்ட்ரீசியன் தானாக வந்து அதைச் சரி செய்ய ஏணி போட்டபோது நான் விரட்டியதை அவர் ரிட்டயர் ஆகும் வரை சொல்லிக்காட்டினார்.

பேச்சியம்மாள் வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு தை மாதம். டி. கல்லுப்பட்டிக்கு மேற்கே கரிசல் காட்டில் ஒரு ஊர். கலியாணமாகி ஒரு வருசம்கூட முழுதாக ஆகவில்லை. கூட வந்தது புருசன் கருப்பையா மட்டும். இரண்டு பேருக்கும் என் தம்பி தங்கை வயது. ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டு மூளைக்கு ஏறிவிட்டது. வலிப்பு வந்து, நினைவு தப்பி, பிழைத்ததே பெரிது என்று வீட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். எழுந்து நடந்தாள், சமைத்தாள், பேசினாள். ஒன்று மட்டும் போய்விட்டது. என்ன போயிற்று என்று நான் கேட்டதற்கு அவள் சொன்னாள்:

"எல்லாம் சாம்பப் பூத்தாப்ல இருக்குக்கா. அடுப்புத் தீயிகூடச் சாம்பலாத்தான் தெரியுது. கை வச்சாச் சுடுது, அதான் தீயின்னு தெரியும்."

கண் டாக்டர்கள் பார்த்துவிட்டுக் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எழுதி எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். கண்ணில் குறையில்லை என்ற அந்த ஒரு வரியே அவளுக்கு எமனாகிவிட்டது. அது மிளகாய்ப் பறி காலம். செடியில் பச்சைக்காயை விட்டுவிட்டுப் பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும். இவள் காயும் பழமுமாகச் சேர்த்துப் பறித்துக் கூடையை நிரப்பியிருக்கிறாள். அதே பேச்சியம்மாளைக் களத்தில் உட்கார வைத்தால், காயப்போட்ட வத்தலில் வெளுத்துப்போன சொத்தை வத்தலை எல்லாரையும்விட வேகமாகப் பொறுக்கிப் போடுகிறாள். களத்தில் தெரிகிற கண்ணுக்கு வயலில் மட்டும் எப்படித் தெரியாமல் போகும் என்று ஊர் கேட்டது. கேள்வி நியாயமான கேள்விதான். கருப்பையாவும் அதைத்தான் கேட்டான். அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டரிடம் வந்து நின்றான்.

"சார், எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இவளுக்கு நெசமாவே தெரியலையா, இல்ல என்கூட இருக்கப் பிடிக்காம இப்படிச் செய்யிறாளா. பிடிக்கலைன்னா சொல்லிட்டுப் போகட்டும் சார். நான் பிடிச்சா வைக்கப் போறேன். இந்த வேசம் வேணாம்."

மாசித் திருவிழாவுக்கு முன்னால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து உறவைத் தீர்த்துவிடுவது என்று பேசியாகிவிட்டதாம். அதற்கு முன் ஒருதடவை காட்டிவிடுவோம் என்று இவனே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அவன் குரலில் அதட்டல் இல்லை. அடிபட்டவன் குரல்தான் இருந்தது. எனக்கு அவன் மேல் கோபம் வரவேண்டிய இடத்தில் பாவமாகிவிட்டது.

ஒயர்களைப் பார்த்து அவள் பயந்ததால் அவனையும் அறைக்குள்ளேயே உட்காரச் சொன்னோம். காதுக்குப் பின்னால் ஒட்டும்போது "கரண்டு அடிக்காதுல்லக்கா" என்று கேட்டாள். உன் கண்ணில்தான் கரண்டு இருக்கிறது, அது எங்களை அடிக்காமல் இருந்தால் சரி என்றேன். சிரித்துவிட்டாள். திருகைத் திருப்பி வெளிச்சத்தைச் சமன் செய்ய அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான்கு பேருக்கு முடித்துவிடலாம். ஆனால் அவள் நிறுத்திய இடம் ஒவ்வொரு தடவையும் மாறாமல் ஒரே இடமாக இருந்தது. டாக்டர் அதைக் கவனித்துக்கொண்டார்.

அதன் பிறகு நான்கு ஜன்னல். மூன்று பச்சை, ஒரு சிவப்பு. அவளுக்குச் சொன்னது, 'சிவப்பைப் பார்' என்பதுதான்.

அவள் கண் சிவப்புக்குத் தாவியது.

ஜன்னலை மாற்றினோம். மறுபடியும் சிவப்புக்கே தாவியது. மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். படிக்கட்டு படிக்கட்டாகக் கோடு விழுந்துகொண்டே போயிற்று. இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனால் அவள் கதை முடிந்தது. கருப்பையா படித்தவனில்லை, ஆனால் எது எரிகிறது, பேனா எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கப் படிப்பு எதற்கு. அவன் எழுந்து நின்றுவிட்டான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

டாக்டர் பென்சிலால் காகிதத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "விசாலம், திருப்பிப் போடு" என்றார். மூன்று சிவப்பு, ஒரு பச்சை. "ஆனா கேக்குறது பழைய மாதிரியே இருக்கட்டும். சிவப்பு எங்கன்னு கேளு."

இதை நாங்கள் முன்பே நர்சுகளிடமும் மாணவர்களிடமும் செய்து பார்த்ததுண்டு. எல்லாரும் அதில் தடுமாறுவார்கள். எல்லாமே சிவப்பாக இருக்கிறதே, எதைப் பார்க்கச் சொல்கிறீர்கள் என்று திரும்பிக் கேட்பார்கள். கண் இங்கும் அங்கும் அலையும்.

விளக்கு எரிந்தது. பேச்சியம்மாள் தடுமாறவில்லை. அவள் கண் நேராக அந்த ஒற்றைப் பச்சைக்குப் போய் நின்றது. கையையும் நீட்டினாள்.

"இந்தா, இதுதான் செவப்பு."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. ஒயர் தொங்கும் முகத்தோடு, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சரியாகப் போட்ட பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"சரியாச் சொல்லிட்டேனாக்கா?"

எத்தனையோ பேர் கண்ணைப் பார்த்திருக்கிறேன். வலிக்கிறது என்று நடித்தவர்கள் உண்டு, தெரியவில்லை என்று நடித்தவர்கள் உண்டு. தப்பான பதிலைச் சொல்லிவிட்டு இவ்வளவு சந்தோசப்பட ஒருவராலும் முடியாது. அவளுக்கு அந்த ஜன்னல் மட்டும் மற்றதிலிருந்து வேறாக இருக்கிறது என்று ஏதோ ஒன்று சொல்லியிருக்கிறது. என்ன நிறம் என்று சொல்லவில்லை. வேறாக இருப்பதுதான் சிவப்பு போலிருக்கிறது என்று நம்பி, அதைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று பூரித்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்குப் புரிந்தது கருப்பையாவுக்குப் புரியவில்லை. "வேணும்னே மாத்திச் சொல்றா சார்" என்றான். அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. எதைத் தப்பாகச் சொன்னோம் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டர் அவனோடு வாதாடவில்லை. இன்றைக்கு எங்கே தங்குவீர்கள் என்று மட்டும் கேட்டார். வண்டியூரில் அவனுக்கு ஒரு சித்தப்பா வீடு இருந்தது. நாளைக் காலையில் வாருங்கள், வரும்போது ஒரு படி மிளகாய், காயும் பழமும் கலந்து வாங்கிக்கொண்டு வா தம்பி என்று அனுப்பினார்.

அவர்கள் போன பிறகு டாக்டர் எனக்குக் காகிதத்தின் ஓரத்திலேயே ஒரு படம் வரைந்து காட்டினார். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் வழி ஒன்றல்ல. ஒன்று, நடு மூளையில் இருக்கும் ஒரு சின்ன மேட்டுக்கு நேராகப் போகும் குறுக்கு வழி. கண்ணைச் சட்டென்று திருப்புவது அந்த மேடுதான். ஆனால் அந்த வழியில் வெளிச்சமும் இருட்டும் அசைவும்தான் போகும், நிறம் போகாது. நிறம் போவது சுற்று வழியில். பின்மண்டை வரை போய், அங்கே தரம் பிரிக்கப்பட்டு, அதற்குப் பிறகுதான் 'அங்கே பார்' என்ற சொல் அந்த மேட்டுக்கு வந்து சேரும். வைகையில் தண்ணீர் இல்லாதபோது தரைப்பாலத்தில் இறங்கிக் கடப்பதற்கும், பெரிய பாலத்தைச் சுற்றி வருவதற்கும் உள்ள வித்தியாசம் என்றார். நிறத்தைத் தேடும் கண் கொஞ்சம் தாமதமாகக் கிளம்புவது அதனால்தான்.

பேச்சியம்மாளுக்குக் காய்ச்சல் கெடுத்தது அந்தச் சுற்று வழியின் கடைசி வீட்டை. இது சிவப்பு, இது பச்சை என்று அவளுக்குச் சொல்ல வேண்டிய இடம் போய்விட்டது. ஆனால் வழியில் எங்கேயோ, இந்த இரண்டும் ஒன்றல்ல என்கிற செய்தி மட்டும் இன்னும் கண்ணை நகர்த்தும் மேட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை. களத்தில் வெளுத்த வத்தலை அவள் பொறுக்கியது வெளிச்ச வித்தியாசத்தை வைத்து. வயலில் காயும் பழமும் பாதிப் பாதியாகத் தொங்கும் செடியில் எதை வேறு என்று கண் தாவும். "இவ்வளவும் எனக்குத் தோணுறது விசாலம். நிச்சயமாத் தெரியாது" என்றார்.

இதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடலாமே சார் என்றேன். அவர் தலையை ஆட்டினார். காகிதம் பெரியவர்களுக்கு ஆகும், அந்தப் பையனுக்கு ஆகாது. அவன் சட்டம் கேட்டு வரவில்லை. தன்னை அவளுக்குப் பிடிக்குமா என்று கேட்டு வந்திருக்கிறான். அதை நான் எப்படி எழுதிக் கொடுப்பது என்றார்.

மறுநாள் காலையில் அவரே ஒரு கல்லூரிக்குப் போய், இயற்பியல் ஆய்வகத்திலிருந்து ஒரு சோடியம் விளக்கைக் கடன் வாங்கிக்கொண்டு சைக்கிள் ரிக்சாவில் வந்து இறங்கினார். தலையணை உறைக்குள் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஜன்னல்களையெல்லாம் கருப்புத் துணியால் மூடச் சொன்னார்.

கருப்பையா மஞ்சப்பையில் மிளகாயோடு வந்தான். அவள் அவனுக்குப் பின்னால் நான்கு எட்டுத் தள்ளியே வந்தாள். இரவு அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. நல்ல அரக்குச் சிவப்பில் ஒரு சேலை கட்டியிருந்தாள், கசங்காத புதுச் சேலை. நான் மிளகாயைத் தட்டில் கொட்டினேன். காயும் பழமும் பளிச்சென்று கலந்து கிடந்தன.

அறை விளக்கை அணைத்துச் சோடியம் விளக்கைப் போட்டோம். அது உடனே எரிந்துவிடாது. முதலில் இளஞ்சிவப்பாகக் கொஞ்ச நேரம் மினுங்கும். அப்புறம் மஞ்சள் ஏறி ஏறி, அறை முழுவதும் அந்த ஒரே மஞ்சளாகிவிடும். அதில் வேறு எந்த நிறமும் கிடையாது. எங்கள் எல்லார் உதடும் செத்தவர் உதடு மாதிரி ஆயிற்று. பேச்சியம்மாளின் குங்குமம் கருப்பாயிற்று. கருப்பையா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

டாக்டர் தட்டை அவன் முன்னால் வைத்தார். "தம்பி, பழத்தை மட்டும் பொறுக்கு."

அவன் குனிந்தான். இரண்டு மூன்றைச் சட்டென்று எடுத்துவிட்டு நிறுத்தினான். ஒன்றைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான், விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். எல்லாமே அழுக்குச் சாம்பலாகத்தான் கிடந்தன. எடுத்ததைத் திரும்பத் தட்டில் போட்டான். விசிறி கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

"இப்படித்தானா" என்று யாரையும் பார்க்காமல் கேட்டான்.

அச்சு அசலாக இப்படியேதான் என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் ஏறக்குறைய இப்படித்தான் என்று டாக்டர் சொன்னார்.

அப்போதுதான் அவள் பக்கத்தில் வந்து தட்டின் முன்னால் குத்தவைத்தாள். நான் பார்க்கவா சார் என்று கேட்டுவிட்டு, ஒவ்வொரு மிளகாயாக எடுத்து இரண்டு விரலால் லேசாக அமுக்கிப் பார்த்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று போட ஆரம்பித்தாள். விறைப்பாக இருந்தது காய், துவண்டது பழம். அவசரமில்லாமல், தலை நிமிராமல் போட்டுக்கொண்டே போனாள். கருப்பையா அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காட்டுலயும் இப்படித்தான் அமுக்கி அமுக்கிப் பறிச்சியா?"

"ஆமா. அம்புட்டையும் அமுக்க நேரம் எங்க இருக்கு. எல்லாரும் அவுகவுக வரிசைய முடிச்சுட்டுப் போயிருவாக. அப்புறம் கையில வந்ததப் பறிப்பேன்."

விட்டுப் போக நினைக்கிறவள் இப்படி ஒவ்வொரு மிளகாயாக அமுக்கிக்கொண்டு நிற்பாளா. எனக்குத் தோன்றியது அவனுக்கும் தோன்றியிருக்க வேண்டும். அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை, அவள் கட்டியிருந்த சேலையைப் பார்த்தான். அந்த வெளிச்சத்தில் அது அடுப்புச் சாம்பலை வாரிப் பூசியதுபோல் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

டாக்டர் என்னிடம் ஜன்னல் துணியை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். வெயில் உள்ளே விழுந்ததும் தட்டின் ஒரு பக்கம் முழுக்கப் பச்சை, மறுபக்கம் முழுக்கச் சிவப்பு. இடம் மாறிக் கிடந்தவை ஒன்றிரண்டுதான். அந்தச் சேலையும் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. கருப்பையா தட்டைப் பார்க்கவே இல்லை. எங்கள் இருவரிடமும் சொல்வதுபோல் சொன்னான்.

"பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்த சேலைக்கா இது. மதுரைக்கு வந்து, கடை கடையா ஏறி எடுத்தேன். பிரிச்சுப் பாத்துட்டு, எதுக்குங்க சாம்பக் கலர்ல எடுத்தீகன்னு கேட்டா. எனக்கு வந்த ஆத்திரத்துல என்னென்னவோ பேசிட்டேன். பிடிக்காதவளுக்கு என் காசுல சேலை எதுக்குன்னு..."

பேச்சியம்மாள் கையிலிருந்த மிளகாயைத் தட்டில் வைத்தாள். முந்தானையை இழுத்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு அது இப்போதும் சாம்பல்தான். அது என்ன நிறம் என்று பொங்கலிலிருந்து யாரும் அவளிடம் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இது என்ன கலருங்க?"

"செவப்பு."

அவள் கொஞ்ச நேரம் அந்த முந்தானையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கே செவப்புன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றாள். "நீங்க சொன்னா நான் நம்பியிருப்பேன்ல."